கைச்சூட்டைக் கழித்த கதை

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? புகை கக்கும் எரிமலை, தெர்மோகோல் இதயம், மழைநீர் சேகரிக்கும் வீடு... எங்கள் நால்வருக்கும் இவற்றில் ஏதேனும் ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் இம்முறை எங்கள் அறிவியல் சிஸ்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு வந்த சீட்டைப் பிரித்துப் பார்த்தோம். "மெஸ்ஸியர் 77 என்னும் விண்மீன் திரளின் மையமும் அகச்சிவப்புக் கதிர்களும்" என்று எழுதியிருந்தது. எரிமலைச் சீட்டைப் பெற்றவர்கள் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பார்க்கவே முடியாத ஒன்றை எப்படிக் கண்காட்சியில் வைப்பது, சிஸ்டர்?" என்று கேட்டோம். "அதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நூலகத்தில் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க எங்கள் வருத்தம் மறைந்தது. நம்முடைய சூரியன் எத்தனையோ கோடி விண்மீன்களுடன் சேர்ந்து பால்வெளி என்னும் திரளில் இருக்கிறது அல்லவா? அதுபோன்ற மற்றொரு திரள்தான் மெஸ்ஸியர் 77. என்.ஜி.சி. 1068 என்பது அதன் மற்றொரு பெயர். சீட்டஸ் என்னும் திமிங்கல மண்டலத்தின் திசையில், ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம் ஒளியாண்டு தொலைவில் அது இருக்கிறது. இன்று நாம் காணும் அதன் ஒளி, பூமியில் மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கிருந்து புறப்பட்டுவிட்டது. நினைத்துப் பார்த்தாலே உடல் சிலிர்க்கிறது!

1780-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு வானியலாளர் பியர் மெஷேன் இதைக் கண்டார். அவருடைய நண்பர் சார்லஸ் மெஸ்ஸியர் தம்முடைய பட்டியலில் இதற்கு 77-ஆம் எண்ணைக் கொடுத்தார். அப்போது அது வெறும் மங்கலான புகைத் திட்டு. அது கோலத்து இழைபோல் வளைந்த கைகளைக் கொண்ட சுருள் வடிவத் திரள் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது.

இந்தத் திரளின் நடுப்பகுதி மற்றத் திரள்களைப் போல் அமைதியாக இல்லை. 1908-இல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் எட்வர்டு ஃபாத் என்பவர் அதன் ஒளியை நிறநிறமாகப் பிரித்துப் பார்த்தபோது, வெறும் விண்மீன்களால் உண்டாக முடியாத பிரகாசமான கோடுகளைக் கண்டார். 1943-இல் கார்ல் சீஃபர்ட் என்பவர் இத்தகைய மையம் கொண்ட 6 திரள்களை விரிவாக ஆராய்ந்தார். அவற்றுள் இதுவும் ஒன்று. அவர் பெயராலேயே இவற்றைச் சீஃபர்ட் திரள்கள் என்று இன்றும் அழைக்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய கருந்துளை இருக்கிறது. ஏறக்குறைய ஒரு கோடி சூரியன்களின் நிறை அதற்கு உண்டு. அதை நோக்கிச் சுழன்று விழும் வாயுதான் சூடேறி அவ்வளவு ஒளியையும் வீசுகிறது.

வெளிப்புறமும் சீராக இல்லை. 1966-இல் ஹால்ட்டன் ஆர்ப் என்பவர் வடிவம் குலைந்த, விசித்திரமான 338 உருவங்களைத் தொகுத்து ஒரு படநூல் வெளியிட்டார். அதில் 37-ஆவது இடத்தில் இருப்பது நம் மெஸ்ஸியர் 77. 2017-இல் ஜப்பானிய வானியலாளர்கள் சுபாரு தொலைநோக்கியால் இதன் ஓரங்களை ஆராய்ந்தார்கள். மிக மங்கலான கலைந்த வளைவுகள் தெரிந்தன. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் இது ஒரு சிறிய திரளை விழுங்கியிருக்கிறது என்பதற்கு அவை அடையாளம் என்றார்கள். விருந்து முடிந்து நெடுங்காலம் ஆகியும் இலையில் தடம் இருக்கிறது!

இவ்வளவு வெளிச்சம் உள்ள மையத்தை நேரே பார்த்துவிடலாமே என்று நாங்களும் நினைத்தோம். அங்கேதான் தடை. கருந்துளையைச் சுற்றி அடர்ந்த தூசி சூழ்ந்திருக்கிறது. எதிர்ச் சுவருக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு தெரியாது, ஆனால் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தெரியும். 1985-இல் அன்டோனூச்சி, மில்லர் என்னும் இருவர் அப்படிப்பட்ட சிதறிய ஒளியைப் பிரித்தெடுத்து, தூசிக்குப் பின்னால் விளக்கு உண்டு என்று காட்டினார்கள்.

சரி, சுவரையே ஆராய வழி உண்டா? உண்டு. விளக்கின் சூட்டால் சுவரும் சூடேறும் அல்லவா? சூடான தூசி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. இந்த மையம் வெளிவிடும் ஆற்றலில் பெரும்பகுதி அப்படித்தான் வெளிவருகிறது. ஆகவே அங்கே நடப்பதை அறிய விரும்புவோர் ஒளியைத் தேடுவதோடு சூட்டையும் தேட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிர்களை முதன்முதலில் உணர்ந்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1800-ஆம் ஆண்டு அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் குமிழில் கறுப்புப் பூசிய வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பு வரை சூடு கூடிக்கொண்டே போயிற்று. சிவப்புக்கு அப்பால், வண்ணமே இல்லாத இடத்தில், இன்னும் கூடியது!

"இதையே நாமும் செய்து காட்டினால் என்ன?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். மற்ற மூவரும் கைதட்டினோம். காலணி வந்த அட்டைப்பெட்டி ஒன்று, ஆய்வுக்கூடத்து முப்பட்டகம், நான்கு வெப்பமானிகள், கறுப்பு வண்ணம். எல்லாம் சேர்ந்தன. ஒரு வியாழக்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்துத் தாழ்வாரத்தில் வேலையைத் தொடங்கினோம்.

அன்று நடந்ததை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நீலத்தில் 34 டிகிரி காட்டியது. மஞ்சளில் 33. சிவப்புக்கு அப்பாலும் 33. மறுபடி செய்தோம். இந்தத் தடவை மஞ்சள்தான் அதிகம். மூன்றாம் முறை பார்ப்பதற்குள் வெயில் தூணுக்குப் பின்னால் போய்விட்டது. மறுநாள் மேகம். அட்டையைத் தயாரித்துக் கொடுக்க வேண்டிய நாள் திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்களில் ஒருத்தியின் வீட்டில் கூடினோம். "முடிவு என்னவென்றுதான் நமக்குத் தெரியுமே! ஹெர்ஷல் சொன்னது பொய்யா?" என்று ஒருத்தி சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. நீலம் 32, மஞ்சள் 34, சிவப்பு 36, சிவப்புக்கு அப்பால் 39 என்று வரிசையாக எழுதினோம். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது! ஓரத்தில் பொன்னிறத் தாள்கூட ஒட்டினோம். சிஸ்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, "நன்றாக வந்திருக்கிறதே" என்று பாராட்டினார்கள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

அட்டையின் மறுபாதி மெஸ்ஸியர் 77-க்கு உரியது. அதற்காகப் படித்தபோதுதான் ஒரு செய்தி எங்களை நிறுத்தியது. 2004-இல் வால்டர் ஜேஃப் என்பவரின் குழு, சிலி நாட்டில் பரனால் மலைமேல் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கிகளில் இரண்டை ஒன்றாக இணைத்து, இந்தத் திரளின் மையத்தூசியை அளந்தது. உள்ளே 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடான சிறு பகுதி. அதைச் சூழ்ந்து சுமார் 11 ஒளியாண்டு அகலத்தில் மிதமான சூட்டில் தூசி. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயம் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அவ்வளவு சிறிய உருவத்தை அளந்திருக்கிறார்கள்! அந்த மிதமான சூடு எவ்வளவு தெரியுமா? 320 கெல்வின். அதாவது 47 டிகிரி செல்சியஸ். நம் ஊர்க் கத்திரி வெயிலைவிடச் சற்றே அதிகம்!

எங்கள் உடலின் சூடு 37 டிகிரி. அந்தத் தூசி 47. அப்படியானால் கருந்துளையைச் சுற்றியுள்ள தூசியும் கடைசி வரிசையில் உட்காரும் நாங்களும் ஏறக்குறைய ஒரே வகைக் கதிரைத்தான் வீசுகிறோம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டிய அலைநீளம் அது. நாங்கள் மட்டுமா? தொலைநோக்கியின் கண்ணாடியும் வீசுகிறது. அதைத் தாங்கும் இரும்பும் வீசுகிறது. மேலே உள்ள காற்றும் வீசுகிறது. இவற்றின் வெளிச்சம் அந்தத் திரளிலிருந்து வருவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். பட்டப்பகலில் தொலைநோக்கிக்குள்ளேயே விளக்குகளை ஏற்றி வைத்துக்கொண்டு விண்மீனைத் தேடுவது போல! பிறகு எப்படி அளந்தார்கள்?

விடை ஒரு மளிகைக் கடையில் கிடைத்தது. கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் தோழி ஒருத்தியின் அப்பாவுடைய கடையில் நின்றிருந்தோம். ஒரு பாட்டியம்மா நல்லெண்ணெய் வாங்கத் தூக்குடன் வந்தார். அப்பா முதலில் காலித் தூக்கைத் தராசில் வைத்து எடை பார்த்தார். பிறகு எண்ணெயை ஊற்றி மறுபடியும் பார்த்தார். "ஏனப்பா இரண்டு தரம்?" என்று மகள் கேட்டாள். "தூக்கின் எடையைக் கழிக்காவிட்டால் பாட்டி தூக்குக்கும் சேர்த்தல்லவா காசு கொடுப்பார்?" என்றார் அவர்.

வானியலாளர் செய்வதும் அதுவேதான்! தொலைநோக்கியின் சிறு கண்ணாடியை நொடிக்குச் சில முறை இப்படியும் அப்படியும் அசைக்கிறார்கள். ஒரு கணம் திரளும் வானமும் சேர்ந்து தெரியும். மறுகணம் பக்கத்து வெற்று வானம் மட்டும் தெரியும். இரண்டையும் கழித்தால் கண்ணாடியின் சூடும் காற்றின் சூடும் போய்விடும். திரளின் சூடு மட்டும் மிஞ்சும். கருவியின் சொந்தச் சூட்டையும் குறைக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிராங்க் லோ 1961-இல் உருவாக்கிய ஜெர்மானியக் கருவி, திரவ ஹீலியத்தில் குளிர்விக்கப்பட்டு வேலை செய்தது. ஹீலியம் திரவமாக இருப்பது பூச்சியத்துக்குக் கீழே சுமார் 269 டிகிரியில்!

கடையிலிருந்து திரும்பும் வழியில் எங்களுக்குத் திடீரென்று விளங்கியது. ஹெர்ஷல் ஒரு வெப்பமானியை ஒளியில் வைத்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டை ஒளி படாமல் பக்கத்தில் வைத்திருந்தார். நாங்கள் நிழலில் ஒன்றுகூட வைக்கவில்லை. அதோடு குமிழை விரல்களால் பிடித்து நகர்த்தினோம். நால்வரும் பெட்டிக்குள் தலையை நீட்டி மூச்சுவிட்டோம். அன்று நாங்கள் அளந்தது சூரியனையன்று. எங்கள் கைச்சூட்டையும் மூச்சையும்தான். காலித் தூக்கை நிறுக்காமலேயே எண்ணெய் விற்றிருந்தோம்.

தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. அப்போதாவது சிஸ்டரிடம் போயிருக்க வேண்டாமா? போகவில்லை. பொன்னிறத் தாள் ஒட்டிய அட்டையைக் கிழிக்க மனம் வரவில்லை.

கண்காட்சியின் முதல் நாள் காலை. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கையில் சிறு குறிப்பேட்டுடன் வந்தாள். எங்கள் பெட்டியை எட்டிப் பார்த்தாள், அட்டையைப் படித்தாள். "அக்கா, அட்டையில் 39 என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் 34 தானே காட்டுகிறது?" என்று கேட்டாள். எங்களில் ஒருத்தி சட்டென்று, "வெப்பமானி பழசு, அதனால்தான். நீ அட்டையில் உள்ளதையே எழுதிக்கொள்" என்றாள். மற்ற மூவரும் பேசாமல் நின்றோம். அந்தக் குழந்தை தலையாட்டிவிட்டு, எழுத்தை நிறுத்தி நிறுத்தி 39 என்று எழுதிக்கொண்டாள். தெரிந்த உண்மையை விட்டுவிட்டு, எங்கள் பொய்யை நம்பி எடுத்துச் சென்றாள்.

அதற்குமேல் எங்களால் அங்கே நிற்க முடியவில்லை. நடுவர்கள் பிற்பகலில் வருவதாக இருந்தது. இடைவேளை மணி அடித்ததும் நால்வரும் சிஸ்டரிடம் சென்றோம். யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் நால்வரும் ஒரே நேரத்தில் பேசினோம். பிறகு ஒரே நேரத்தில் அழுதோம்.

சிஸ்டர் முழுவதையும் கேட்டார்கள். கடிந்துகொள்ளவில்லை. "ரெக்கார்டு நோட்டில் தவறாக எழுதிவிட்டால் என்ன செய்யச் சொல்லியிருக்கிறேன்?" என்று மட்டும் கேட்டார்கள். "அழிக்கக் கூடாது சிஸ்டர். ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும்." "அதையே செய்யுங்கள். அடித்ததும் படிக்கும்படி இருக்கட்டும்."

அழகான அந்த நான்கு எண்களின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டோம். கீழே, "இவை நாங்கள் அளந்தவை அல்ல, நாங்களாக எழுதியவை" என்று எழுதினோம். நடுவர்கள் நின்று படித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குச் சென்றார்கள்.

மறுநாள் வெயில் நன்றாக இருந்தது. இம்முறை இரண்டு வெப்பமானிகளைப் பெட்டியின் நிழலிலும் இரண்டை ஒளியிலும் வைத்தோம். குமிழை யாரும் தொடவில்லை. பெட்டியிலிருந்து நான்கு அடி தள்ளி நின்று, ஒவ்வோர் இடத்திலும் எட்டு நிமிடம் காத்திருந்தோம். நிழல் 31. நீலம் 32. மஞ்சள் 33. சிவப்புக்கு அப்பால் 34 1/2. நிழலைக் கழித்தால் வெறும் மூன்றரை டிகிரி! எங்கள் 39-க்கு முன் எத்தனை சிறிய எண்! ஆனால் அது எங்களுடையது. அன்று தாழ்வாரத்தில் நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை வெளியே வந்து பார்த்தார்கள்.

ஆறாம் வகுப்புக்குச் சென்று அந்தத் தங்கையைத் தேடிப் பிடித்தோம். "நாங்கள் சொன்னது பொய், நீ பார்த்ததுதான் சரி" என்றோம். அவள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டை எடுத்து 39-ஐ ரப்பரால் அழிக்கப் போனாள். "அழிக்காதே. கோடு மட்டும் போடு" என்று நால்வரும் சேர்ந்து சொன்னோம்.

பரிசு எரிமலைக்குப் போயிற்று. எங்களுக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். கொஞ்சம் வருந்தினோம்.

பிறகு ஒருநாள் மெஸ்ஸியர் 77-ஐப் பற்றி மேலும் படித்தபோது எங்களுக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்று கிடைத்தது. 2020-இல் ஒரு குழு பரனாலின் நான்கு தொலைநோக்கிகளை இணைத்து, மையத்தில் ஒரு மெல்லிய வளையத்தைக் கண்டதாகவும், கருந்துளை அதன் நடுவில் இருப்பதாகவும் கூறியது. 2022-இல் வேறொரு குழு, அதே மலையில் மற்றொரு கருவியால் பல அலைநீளங்களில் தூசியின் சூட்டை அளந்தது. கருந்துளை அந்த இடத்தில் இல்லை; அடர்ந்த தூசிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்று கூறியது. முதல் கட்டுரையை யாரும் கிழித்தெறியவில்லை. இரண்டும் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. பின்னால் வருவோர் இரண்டையும் படித்துவிட்டு மேலே அளக்கிறார்கள். கருத்து மாறுவது இழிவன்று. உள்ளபடி அளந்து உள்ளபடி எழுதிவைத்தால், மாறிப்போன கருத்தும் பிறருக்குப் படியாகும்.

2021-ஆம் ஆண்டு, நாமெல்லாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய டிசம்பர் 25 அன்று, ஜேம்ஸ் வெப் என்னும் அகச்சிவப்புத் தொலைநோக்கி விண்ணில் ஏவப்பட்டது. பூமியின் சூடும் வெயிலின் சூடும் தாக்காமல் இருக்க, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஐந்து அடுக்குத் திரையின் நிழலில் நின்று அது பார்க்கிறது. பெட்டியிலிருந்து நான்கு அடி தள்ளி நின்ற எங்களுக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும்!

மெஸ்ஸியர் 77 வானத்தின் நடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால் நம் ஊரிலும் உயரே தெரியும். டிசம்பர் நடுவில் இரவு ஒன்பது மணிக்கு ஏறக்குறைய உச்சிக்கு வரும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, சிறு தொலைநோக்கியாவது வேண்டும். ஆயினும் அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் நாங்கள் நால்வரும் மொட்டைமாடியில் நின்று அந்தத் திசையைப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. பனியில் கைகள் சில்லென்று இருந்தன, தேய்த்துச் சூடாக்கிக்கொண்டோம். எங்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "இதையும் கழித்துவிட வேண்டும்."

நால்வரும் சிரித்தோம். தோழியரே, எதையேனும் அளக்கும்போதும் யாரையேனும் எடைபோடும்போதும், முதலில் காலித் தூக்கை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். நாங்கள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, தோழியர் மூவருடன்